அட்டையில் எழுதியிருந்த வலி

திலகவதிக்கு அந்த வேலை கிடைத்தபோது, அது என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அவள் "நோயாளி வேலை" என்று சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் காளிதாஸ் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"நோயாளிய பாத்துக்கிற வேலையா?"

"இல்லங்க. நோயாளியா இருக்கிற வேலை."

மலாக்காவில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே தேர்வு வைப்பார்கள். தேர்வறையில் நிஜ நோயாளியை உட்கார வைக்க முடியாது. பதினாறு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து அதே வயிற்றை அமுக்கினால் எந்த நோயாளி தாங்குவார்? அதனால் உடம்புக்கு ஒன்றுமில்லாத ஆள்களைப் பிடித்து, இன்ன நோய், எத்தனை நாளாக, எங்கே வலி என்று எழுதிய ஓர் அட்டையைக் கொடுத்துவிடுவார்கள். மாணவர் உள்ளே வந்ததும் அட்டையில் இருக்கும் ஆளாக மாறிப் பேச வேண்டும். எட்டு நிமிடத்தில் மணி அடிக்கும். அடுத்த மாணவர் வருவார், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி நடிப்பவர்களைக் கல்லூரியில் 'எஸ்.பி.', அதாவது 'ஸ்டாண்டர்டைஸ்டு பேஷண்ட்', என்று கூப்பிட்டார்கள். திலகவதியின் அடுக்குமாடியில் கீழ்வீட்டுப் பெண் அந்தக் கல்லூரியில் துப்புரவு வேலை செய்தாள். ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லி அவள்தான் கூட்டிப்போனாள்.

அப்போது திலகவதிக்கு ஐம்பது வயது. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவள். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்திவிட்டு, பத்து பெரண்டாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இருபத்தாறு வருடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, கடுகளவு சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தாள். நல்லது ஒரு தட்டில், கெட்டது இன்னொரு தட்டில். அந்தப் பிரிவை மூடியபோது அவளை அனுப்பிவிட்டார்கள். காளிதாஸ் இன்னும் தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரே மகள் ஷாமினி ஜொகூரில் வேலைக்குப் போய்விட்டாள்.

கல்லூரியில் சேரும்போது ஒரு பாரம் நிரப்பச் சொன்னார்கள். 'உங்களுக்கு ஏதாவது நோய் உண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. திலகவதி 'இல்லை' என்று எழுதினாள். எழுதிய கையிலேயே வலி இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. தோளும் முதுகும் தொடையும் மணிக்கட்டும் ஒன்றரை வருடமாக வலித்துக்கொண்டுதான் இருந்தன. இரண்டு கிளினிக்கில் காட்டினாள். இரண்டிலும் ரத்தம் எடுத்தார்கள், "எல்லாம் ஓகே" என்றார்கள். ஒரு டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். இன்னொருவர் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். அதன் பிறகு அவள் பனடோல் மாத்திரை வாங்கிக்கொண்டாள், வலிக்கு கோயோ பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டாள், யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டாள். ஒன்றுமில்லை என்று இரண்டு டாக்டர்கள் சொன்ன பிறகு பாரத்தில் வேறு என்ன எழுதுவது?

வேலை அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. முதல் வருடம் நெஞ்சுவலிக்காரியாக இருந்தாள். அப்புறம் சர்க்கரை நோய்க்காரி, பிறகு மாமியாருக்குப் புற்றுநோய் என்று கேட்டு உடைந்துபோகும் மருமகள். பதினாறு மாணவர்களுக்கும் பதினாறு தடவையும் ஒரே வார்த்தை, ஒரே இடத்தில் ஒரே தயக்கம். எஸ்.பி.க்களுக்குப் பயிற்சி கொடுத்த விரிவுரையாளர் டாக்டர் பவானேஸ்வரி, "அக்கா, நீங்க ஒரு மெசின் மாதிரி. நல்ல அர்த்தத்துலதான் சொல்றேன்" என்றார். தேர்வு என்றால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நோயாளி கிடைக்க வேண்டும். திலகவதிக்கு அது சொல்லாமலே புரிந்தது.

போன வருடம் மார்ச் மாதத்தில் டாக்டர் பவானேஸ்வரி ஒரு புது அட்டையோடு வந்தார்.

"அக்கா, இது நானே கேட்டுச் சேத்த கேஸ். ஃபைப்ரோமயால்ஜியா. பேரு வாயில வராட்டியும் பரவால்ல, நீங்க அந்தப் பேரச் சொல்லவே கூடாது. புள்ளைங்கதான் கண்டுபிடிக்கணும்."

"அது என்னா நோய் டாக்டர்?"

"ஒடம்பு முழுக்க வலி. ஆனா ரத்தத்துல, எக்ஸ்ரேல ஒன்னும் தெரியாது. நரம்பும் மூளையும் வலியப் பெருசாக்கிக் காட்டுது, ரேடியோ சவுண்ட கூட்டி வச்ச மாதிரி. வெளிய இருக்கிற டாக்டர்ங்க, நர்ஸ் மிஸ்ஸிங்க நெறைய பேருக்கு இது சரியாத் தெரியாது. சும்மா சொல்றாங்கன்னு அனுப்பிச்சிருவாங்க. அதான், படிக்கும்போதே இந்தப் புள்ளைங்க மண்டைல ஏத்திடலாம்னு பாக்கறேன்."

அட்டையை வீட்டுக்கு எடுத்துவந்து, சமையலறை மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திலகவதி படித்தாள். ஆங்கிலத்தில் இருந்ததால் நிதானமாகத்தான் படிக்க முடிந்தது. மிஸஸ் கமலா, நாற்பத்தெட்டு வயது, துணிக்கடையில் வேலை. மூன்று வருடமாக உடம்பின் இரண்டு பக்கமும், இடுப்புக்கு மேலும் கீழும் வலி. தூங்கி எழுந்தாலும் தூங்காதது போலவே இருக்கும். பேச்சின் நடுவில் சொல் மறந்துபோகும். லேசாகத் தொட்டாலும் வலிக்கும். இரண்டு டாக்டரைப் பார்த்தாயிற்று, சோதனை எல்லாம் சரி என்றார்கள். கமலாவின் பயம்: தன்னை யாரும் நம்பவில்லை.

அவள் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. யாரோ தன்னைப் பற்றிக் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. கீழ்வீட்டுப் பெண்ணாக இருக்குமோ? ஆனால் அவளிடமும் இதைச் சொன்னதில்லையே. அப்படியானால் இது எல்லாருக்கும் இருக்கிற சாதாரண விஷயமா? இல்லை, இதற்கு ஒரு பெயர் இருக்கிறதென்றால் அந்த இரண்டு டாக்டர்களுக்கும் அது தெரியாதா? காளிதாஸ் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டும்வரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஒத்திகையில் டாக்டர் பவானேஸ்வரி மாணவர் இடத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். திலகவதி கமலாவாகப் பேசினாள். துணிக்கடையில் நிற்பதைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் அட்டையில் இருந்தபடியே சொன்னாள். பிறகு நிறுத்தாமல், சட்டைக் காலரில் தைத்திருக்கும் சின்ன லேபிள் கழுத்தில் உரசினால்கூடத் தாங்க முடியாமல் கத்தரித்துவிடுவதையும், சில நாள் குழாய்த் தண்ணீர் மணிக்கட்டில் விழுந்தாலே சுள்ளென்று இருப்பதையும் சொன்னாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அக்கா, இது அட்டைல இல்லியே."

"இல்லியா?"

"இல்ல. ஆனா ரொம்ப நல்லாருக்கு. எங்கேருந்து புடிச்சீங்க?"

"சும்மாதான் டாக்டர். தோணிச்சு."

"நல்ல நடிப்பு. ரெண்டையும் அட்டைல சேத்துடறேன்."

சேர்த்தும்விட்டார். மறுவாரம் வந்த திருத்திய அட்டையில் கமலாவின் லேபிளும் கமலாவின் குழாய்த் தண்ணீரும் அச்சில் இருந்தன. அவற்றையும் திலகவதி மற்ற வரிகளோடு சேர்த்து மனப்பாடம் செய்தாள்.

தேர்வு நாளில் அவளுக்கு ஆறாம் எண் அறை. மூலையில் தேர்வாளர் ஒருவர் மார்க்குத் தாளோடு உட்கார்ந்திருந்தார். எஸ்.பி.க்கும் ஒரு தாள் உண்டு. அதில் ஒரே ஒரு வரி: 'இவர் என் வலியை நம்பினார் என்று உணர்ந்தேன்.' சுழியத்திலிருந்து ஐந்துவரை மார்க்குப் போடலாம்.

முதலில் வந்த பெண் சோதனைகள் எல்லாம் சரியாக இருப்பது நல்ல செய்தி என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். அடுத்தவன் கணவரோடு சண்டையா என்று கேட்டான். மூன்றாவது வந்தவள் எல்லாக் கேள்வியும் சரியாகக் கேட்டு, நோயின் பெயரையும் சரியாகச் சொன்னாள். ஆனால் ஒரு தடவையும் திலகவதியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு எத்தனை போடுவது? பெயரைச் சொன்னவள் நம்பியிருக்கத்தானே வேண்டும்? திலகவதி மூன்று என்று போட்டு, அடித்து, இரண்டு என்று போட்டு, மறுபடி மூன்றாக்கினாள். எட்டாவது ஆள் வரும்போது உண்மையிலேயே தோள்பட்டை கடுக்கத் தொடங்கியிருந்தது. கமலா தோளைப் பிடிக்க வேண்டிய இடம் எது, திலகவதி பிடிக்கும் இடம் எது என்பது குழம்பிவிட்டது.

பதினொன்றாவதாக ஒரு மெலிந்த மாணவன் வந்தான். அவனுக்கு நோயின் பெயர் கடைசிவரை வரவில்லை. தடுமாறினான். எழுதி வைத்ததைத் திரும்பப் பார்த்தான். பிறகு அதை மூடிவிட்டு, "இதோட வேலைக்கும் போய்ட்டு, வீட்டு வேலையும் எப்படிச் செய்றீங்க?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு அட்டையில் பதில் இல்லை. திலகவதி வாயைத் திறந்தாள். கண்ணீர்தான் வந்தது. மணி அடிக்கும்வரை அது நிற்கவில்லை. மாணவன் மேசைமேல் இருந்த டிஷ்யு பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினான்.

அவன் வெளியே போனதும் அவள் மூலையில் இருந்த தேர்வாளரிடம், "சார், நான் அழுதது அட்டைல இல்ல. மத்த புள்ளைங்களுக்கு நான் அழல. அதனால அவனுக்கு மார்க்கு கூடக்கொறைய ஆயிடுமா?" என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, குறித்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த மாணவனுக்கு அவள் ஐந்து போட்டாள். நோயையே கண்டுபிடிக்காதவனுக்கு ஐந்து போடலாமா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் முதன்முறையாகக் காளிதாஸிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு ஓடவில்லை. அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார்.

"எல்லாம் ஒனக்கும் இருக்கா?"

"இருக்கு."

"இந்த அட்டைய எத்தன வாட்டி படிச்ச?"

"அம்பது அறுவது வாட்டி இருக்கும்."

"அப்ப படிச்சுப் படிச்சுதான் வந்திருக்கும், திலகா. நெஞ்சுவலிக் கேஸ் செஞ்சப்பக்கூட ஒரு வாரம் நெஞ்ச புடிச்சிக்கிட்டுத் திரிஞ்ச."

அது உண்மைதான். அந்த ஒரு வாரம் அவளுக்கும் நினைவிருந்தது. எனவே அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியவில்லை. அட்டைக்கு முன்பே வலி இருந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எந்த வலி முன்பே இருந்தது? குழாய்த் தண்ணீர் சுள்ளென்றது முன்பா, அட்டைக்குப் பிறகா? சொல் மறந்துபோவது வயதினாலா, கமலாவினாலா? அவற்றை நல்லது ஒரு தட்டு, கெட்டது ஒரு தட்டு என்று பிரிக்கப் பார்த்தாள். ஒன்றும் பிரியவில்லை.

ஜூன் மாதம் ஒரு காலை, சீப்பைப் பிடிக்க முடியாமல் போனபோது கிளினிக்குக்குக் கிளம்பினாள். இந்த முறை வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த ஓர் அரசாங்க கிளினிக். இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த இளம்பெண் டாக்டர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"ஆன்ட்டி! நீங்க அந்த எஸ்.பி. ஆன்ட்டிதானே? எனக்கு ஃபைனல் இயர்ல நெஞ்சுவலிக் கேஸ் செஞ்சீங்க. தேவிஸ்ரீ. ஞாபகம் இருக்கா?"

திலகவதிக்கு ஞாபகம் இல்லை. இருப்பதாகத் தலையாட்டினாள். டாக்டர் தேவிஸ்ரீ தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள், வீட்டில் எல்லாரும் நலமா என்றுகூட விசாரித்தாள். பிறகு, "சொல்லுங்க ஆன்ட்டி, என்ன ஒடம்புக்கு?" என்றாள்.

திலகவதி சொன்னாள். அவள் வாயிலிருந்து வந்தது அட்டை. இரண்டு பக்கமும், இடுப்புக்கு மேலும் கீழும், தூங்கி எழுந்தாலும் தூங்காதது போல, பேச்சின் நடுவில் சொல் மறந்துபோய், சட்டை லேபிள், குழாய்த் தண்ணீர். அதே வரிசை, அதே சொற்கள், அதே இடத்தில் தயக்கம். அவளுக்கே அது காதில் விழுந்தது. நிறுத்தி வேறு மாதிரி சொல்லப் பார்த்தாள். பதினாறு தடவை சொன்ன வாய் வேறு பாதையில் போக மறுத்தது.

தேவிஸ்ரீ கணினியில் தட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"ஆன்ட்டி, இது இப்ப காலேஜ்ல ஓடற கேஸா?"

"ஆமா டாக்டர்."

"நெனச்சேன். அப்படியே புக்ல இருக்கிற மாதிரி சொல்றீங்க." அவள் குரலில் கேலி இல்லை. பரிவாகத்தான் சொன்னாள். "மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் எங்களுக்கே இப்படி ஆகும் ஆன்ட்டி. எந்த நோயப் படிக்கிறோமோ அது நமக்கு இருக்கிற மாதிரியே தோணும். நிஜமா வர்றவங்க இவ்ளோ தெளிவாச் சொல்ல மாட்டாங்க. கொஞ்ச நாள் இந்தக் கேஸ் எடுக்காதீங்க. பிரஷர் பாத்துடலாம்லா."

பிரஷர் சரியாக இருந்தது. பனடோலும் தேய்க்கும் களிம்பும் எழுதிக் கொடுத்தாள். திலகவதி மருந்து வாங்கும் இடத்தில் நம்பருக்குக் காத்திருந்தாள். கோபம் வரவில்லை. கோபப்பட வேண்டுமென்றால் தேவிஸ்ரீ தப்பு என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். அது அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றுமில்லை என்று முதலில் சொன்ன டாக்டர்களுக்கு அவள் சரியாகச் சொல்லத் தெரியாமல் சொன்னாள். இந்த டாக்டரிடம் சரியாகச் சொன்னதே சந்தேகமாகிவிட்டது. அப்படியானால் எப்படித்தான் சொல்வது?

ஆகஸ்டில் கல்லூரியிலிருந்து டாக்டர் பவானேஸ்வரி கூப்பிட்டார். அடுத்த தேர்வு வருகிறது, அதே கமலா கேஸ்.

"எனக்கு அந்தக் கேஸ் வேணாம் டாக்டர். வேற ஏதாச்சும் குடுங்க."

"ஏன் அக்கா? ஒங்கள மாதிரி யாரும் அதச் செய்ய முடியாதே."

தொலைபேசியில் திலகவதி காரணத்தைச் சொல்லாமல் மழுப்பினாள். டாக்டர் விடவில்லை, நேரில் வரச் சொன்னார். பயிற்சி அறையில் எதிரெதிரே உட்கார்ந்ததும், வேலை போனாலும் போகட்டும் என்று திலகவதி எல்லாவற்றையும் சொன்னாள். பாரத்தில் 'இல்லை' என்று எழுதியது, லேபிளும் குழாய்த் தண்ணீரும் தன்னுடையவை என்பது, கணவர் சொன்னது, கிளினிக்கில் நடந்தது. தேவிஸ்ரீயின் பெயரை மட்டும் சொல்லவில்லை. வரிசையில்லாமல், முன்னும் பின்னுமாகச் சொன்னாள். நடுவில் 'மணிக்கட்டு' என்ற சொல் வராமல் கையைக் காட்டினாள்.

டாக்டர் பவானேஸ்வரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் ஒங்களுக்கு நல்ல நடிப்புன்னு சொன்னேன்."

"ஆமா டாக்டர்."

"இந்தக் கேஸ சேக்கச் சொல்லி ரெண்டு வருஷம் மீட்டிங்ல சண்ட போட்டேன் அக்கா. டாக்டர்ங்களுக்குக் கண்ணு தெரியலன்னு. நீங்க இதே நாற்காலில ஒக்காந்து சொன்னீங்க. நான் எழுதிக்கிட்டேன்." அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார், திரும்பி வந்தார். "இப்பயும் எனக்கு நிச்சயமாத் தெரியாது. வேற எதாவது நோயாகூட இருக்கலாம், தைராய்டு, மூட்டு வாதம். பாத்துத்தான் சொல்ல முடியும். ஆனா பாக்கணும். அத நான் அப்பவே செஞ்சிருக்கணும்."

பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டுநோய் நிபுணருக்கு அன்றே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். முறை வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

"எப்ப ஆரம்பிச்சுச்சுன்னு கேப்பாங்க. யோசிச்சு வச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். அதுதான் திலகவதிக்கு நினைவில் தெளிவாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மகளைக் கூப்பிட்டுக் கேட்டாள். ஷாமினி எதையும் அழிக்காதவள். அம்மா அனுப்பிய பழைய குரல் பதிவுகளைத் தேடி, ஆறு பதிவுகளை வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பினாள். மிகப் பழையதற்கு ஐந்து வயது. காளிதாஸும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"மா, இன்னிக்குத் துணி புழிய முடியல. கை ரெண்டும் எரியுது. தண்ணி பட்டாலும் எரியுது. நீ சாப்ட்டியா?"

இன்னொன்றில், "பசாருக்குப் போய்ட்டு வந்தேன், என்னா வாங்க வந்தோம்னே மறந்துபோச்சு. அந்த... அந்தப் பச்ச... சரி விடு" என்று அவள் குரல் இழுத்தது.

காளிதாஸ் கைப்பேசியை மேசைமேல் வைத்தார். "நான் எங்க இருந்தேன் அப்ப?"

"பக்கத்துலதான் இருந்தீங்க. டிவில செய்தி ஓடற சத்தம் கேக்குது பாருங்க."

அவர் மறுபடி அதைப் போட்டுக் கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார். பிறகு எழுந்து போய், காய்ந்த துணிகளை எடுத்துவந்து மடிக்கத் தொடங்கினார். அன்றிலிருந்து துணி துவைப்பது அவர் வேலை.

நிபுணர் மலாய்ப் பெண்மணி. திலகவதி சொன்னதை நடுவில் வெட்டாமல் கேட்டார். மறுபடி ரத்தம் எடுத்தார், மூட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். இரண்டாவது முறை போனபோது, வேறு நோய் எதற்கும் அடையாளம் இல்லை, இது ஃபைப்ரோமயால்ஜியாதான் என்றார். நடிப்பு வேலையைப் பற்றியும் திலகவதி மறைக்காமல் சொன்னாள். படித்ததால் வந்திருக்குமோ என்று கேட்டாள். குரல் பதிவுகளைப் பற்றியும் அவள் சொன்னதும் நிபுணர் சிரித்தார். படித்ததால் வரவில்லை, ஆனால் எதைக் கவனிக்கிறோமோ அது பெரிதாகக் கேட்கும் என்பதும் உண்மைதான் என்றார். அந்தப் பதிலில் திலகவதிக்குப் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. தூக்கத்துக்கும் வலிக்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும், மெதுவாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்றார்கள். வலிக்கிற உடம்பை ஏன் நடக்கச் சொல்கிறார்கள் என்று காளிதாஸ் கேட்டார். அவளுக்கும் அதே கேள்விதான். ஆனாலும் இருவரும் நடந்தார்கள்.

இந்த வருடம் பிப்ரவரியில் டாக்டர் பவானேஸ்வரி கல்லூரி மண்டபத்தில் அரைநாள் கூட்டம் ஒன்று ஏற்பாடு செய்தார். சுற்றுவட்டாரக் கிளினிக்குகளிலிருந்து டாக்டர்களும் தாதியரும் மருத்துவ உதவியாளர்களும் அறுபது பேர் வந்தார்கள். திலகவதி பத்து நிமிடம் பேச வேண்டும். அட்டை கிடையாது.

மேடையில் ஏறி மலாயில் தொடங்கினாள். தொழிற்சாலை, மைக்ராஸ்கோப், முதல் கிளினிக், இரண்டாம் கிளினிக். நான்காவது நிமிடத்தில் அடுத்து என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்துபோனது. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  "மன்னிக்கணும், மறந்துட்டேன்" என்றாள்.  மூன்றாம் வரிசையில் இரண்டு தாதியர் எதையோ எழுதிக்கொண்டார்கள். அவள் விட்ட இடம் கிடைக்காமல் வேறொரு இடத்திலிருந்து தொடங்கி, லேபிளைப் பற்றிச் சொல்லி முடித்தாள்.

கேள்வி நேரத்தில் தலை நரைத்த மருத்துவ உதவியாளர் ஒருவர் எழுந்தார். முப்பது வருடமாக இந்த வேலையில் இருப்பதாகச் சொன்னார். மருத்துவ விடுப்புக்காக வலி என்று பொய் சொல்கிறவர்களும் வருகிறார்கள், அதை யாரும் மறுக்க முடியாது என்றார். "நீங்கள் நடிப்பவர் என்பதால் உங்களிடமே கேட்கிறேன். உண்மையாக வலிக்கிறவரையும் நடிக்கிறவரையும் எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது?"

திலகவதி டாக்டர் பவானேஸ்வரியைப் பார்த்தாள். அவர் உதவிக்கு வரவில்லை.

"எனக்குத் தெரியல சார்" என்றாள். "நான் ரெண்டுமே செஞ்சிருக்கேன். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. நான் நடிச்சப்ப நம்புனாங்க, நடிக்காதப்ப நம்பல. ஏன்னு எனக்கே தெரியல."

 அந்த உதவியாளர் தலையை அசைத்துவிட்டு உட்கார்ந்தார். திருப்தியாகி உட்கார்ந்தாரா, ஏமாந்து உட்கார்ந்தாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. சந்தேகம் இருந்தால் இன்னொரு முறை வரச் சொல்லுங்கள், சோதனை சரியாக இருக்கிறது என்பதோடு கதவை மூடிவிடாதீர்கள் என்று டாக்டர் பவானேஸ்வரி சுருக்கமாகச் சொன்னார்.

தேநீர் நேரத்தில் கையில் கறிபாப் பலகாரத் தட்டோடு தேவிஸ்ரீ வந்து நின்றாள். முகம் கறுத்திருந்தது.

"ஆன்ட்டி, அன்னிக்கு நீங்க சொன்னது கேஸ் மாதிரியே இருந்துச்சு. சத்தியமா எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு."

"தெரியும் டாக்டர். எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு."

"சோரி ஆன்ட்டி." தேவிஸ்ரீ தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தாள். "என்கிட்ட ஒரு மலாய்க்கார அம்மா வர்றாங்க. செங் பக்கத்துல ஒரு ஃபேக்டரில வேல. நாலு வாட்டி வந்துட்டாங்க, ஒவ்வொரு வாட்டியும் வேற எடத்துல வலின்னு சொல்றாங்க. நான் எம்.சி. லீவுக்குத்தான் வர்றாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். இப்பவும் எனக்குத் தெரியல, எம்.சி.யாகூட இருக்கலாம். ஆனா திங்கக்கெழம வரச் சொல்லப் போறேன்."

"வரச் சொல்லுங்க."

"என்ன கேக்கட்டும் ஆன்ட்டி?"

திலகவதி யோசித்தாள். "வீட்டு வேலய எப்படிச் செய்றீங்கன்னு கேளுங்க" என்றாள்.

திலகவதியின் உடம்பு இப்போதும் முழுக்கச் சரியாகிவிடவில்லை. மாத்திரையில் வாய் வறள்கிறது. வாரத்தில் மூன்று நாள் நன்றாக இருக்கிறது, இரண்டு நாள் சுமார், இரண்டு நாளைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. எந்த நாள் எப்படி விடியும் என்று அவளுக்கோ நிபுணருக்கோ தெரியாது. நல்ல நாள் வரும்போது, உண்மையிலேயே நோய் இருக்கிறதா என்று மறுபடி சந்தேகம் வருகிறது. கல்லூரி வேலையை அவள் விடவில்லை. நெஞ்சுவலி, சர்க்கரை கேஸ்கள் அவளுக்குத்தான். கமலாவை மட்டும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வேறொருவர் கலைமகள், பாலர்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் நீச்சல், மாலையில் பேட்மிண்டன் என்று இருப்பவர். அவருக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை டாக்டர் பவானேஸ்வரி திலகவதியிடம் ஒப்படைத்தார். முதல் நாள் இருவரும் பயிற்சி அறையில் உட்கார்ந்தார்கள். கலைமகள் அட்டையைக் கவனமாகப் படித்தார், ஒவ்வொரு வரியின் கீழும் பென்சிலால் கோடு போட்டார்.

"திலகவதி, நெஞ்சுவலின்னா நெஞ்சப் புடிச்சிக்கிறோம். வயித்து வலின்னா வயித்தப் புடிச்சிக்கிறோம். இதுல எங்க வலிக்குது?"

"எல்லா எடத்துலயும் டீச்சர்."

"சரி. எல்லா எடத்துலயும்னா, கைய எங்க வச்சிக்கிறது?"

திலகவதி தன் கைகளைப் பார்த்தாள். அவை மடியில் கிடந்தன. எங்கே வைத்துக்கொள்வது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. ஒரு கையைத் தோளில் வைத்தாள், எடுத்தாள். இடுப்பில் வைத்துப் பார்த்தாள். கலைமகளும் அவளைப் பார்த்து ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு, இப்படியா என்பதுபோல் காத்திருந்தார்.

"இல்ல டீச்சர்" என்றாள் திலகவதி. "இருங்க, யோசிக்கிறேன்."